உங்களுக்கு வந்தது எந்த அம்மை?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 31 வயது, சென்னையில் வேலை. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பத்து நாட்களுக்கு முன் அம்மை போட்டுவிட்டது. விடுப்பில் போவதற்கு முந்தைய நாள்கூட அவரோடு ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறீர்கள். உங்களுக்குச் சிறுவயதில் அம்மை வந்ததா என்று ஊருக்குப் போன் செய்து கேட்டால் அம்மா "வந்தது" என்கிறார். பெரியம்மா "அது மணல்வாரி" என்கிறார். அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது. இந்த வயதில் சின்னம்மை ஊசி தேவையா, ஊசியாலேயே அம்மை வந்துவிடாதா, ஒருமுறை வந்துவிட்டுப் போனால்தான் என்ன என்று கேட்கிறீர்கள்.

சின்னம்மை உங்களுக்கு வந்ததே இல்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் கருத்தரிப்பதற்கு முன்பே. இந்தப் பாதியில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தகராறெல்லாம் அந்த "வந்ததே இல்லை என்றால்" என்பதில்தான் இருக்கிறது. பொது மருத்துவராக இத்தனை ஆண்டுகளில் பெரியவர்களுக்கு இந்த ஊசியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் பாதி நேரம் ஊசியைப் பற்றிப் பேசவே முடிந்ததில்லை. அவர்கள் வீட்டில் முன்பு வந்து போனது எந்த அம்மை என்று கண்டுபிடிப்பதிலேயே நேரம் போய்விடும்.

நம் மொழியில் அம்மை என்பது ஒரு நோய் அல்ல, ஒரு குடும்பம். 1970களில் ஒழிந்துபோன பெரியம்மை, மணல்வாரி என்கிற தட்டம்மை, கன்னம் வீங்கும் புட்டாளம்மை, பிறகு நாம் பேசிக்கொண்டிருக்கும் சின்னம்மை எல்லாவற்றுக்கும் வாசலில் ஒரே வேப்பிலைதான். மருத்துவத்தில் இவை நான்கும் நான்கு வெவ்வேறு வைரஸ்கள். ஒன்று வந்ததால் மற்றொன்றுக்குப் பாதுகாப்பு கிடையாது. ஊசிகளிலும் இதே குழப்பம். உங்கள் பாட்டி தலைமுறையின் கையில் இருக்கும் வட்டத் தழும்பு பெரியம்மைக்கு "அம்மை குத்தியது". உங்கள் இடது தோளில் இருப்பது காசநோய்க்கான பிசிஜி தழும்பு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களுக்குக் குழந்தையில் போட்ட "அம்மை ஊசி" தட்டம்மைக்கானது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் போட்டதும் தட்டம்மை, ரூபெல்லா ஊசிதான். சின்னம்மை ஊசி இந்தியாவின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இன்றுவரை சேரவில்லை. ஆகவே தனியார் குழந்தை மருத்துவரிடம் பெற்றோர் காசு கொடுத்துப் போட்டிருந்தால் ஒழிய, "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்ற வாக்கியத்துக்குள் சின்னம்மை அடங்காது.

உங்கள் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடக்கும் வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால், "அம்மை வந்ததா?" என்று கேட்காதீர்கள். கொப்புளத்தில் தண்ணீர் கோத்திருந்ததா என்று கேளுங்கள். சின்னம்மையில் முதலில் சிவந்த புள்ளி, சில மணி நேரத்தில் அதன் மேல் பனித்துளி உட்கார்ந்தது போல நீர்க் கொப்புளம், பிறகு அது உடைந்து பொருக்கு. இவை ஒரே நாளில் வந்து முடிவதில்லை. தவணை தவணையாக வரும். அதனால் ஒரே முதுகில் புதிய புள்ளி, கொப்புளம், பொருக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். அரிப்பு தாங்காது. மணல்வாரியில் கொப்புளமும் இல்லை, பொருக்கும் இல்லை. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமலோடு கடும் காய்ச்சல் அடித்து, மூன்று நான்கு நாள் கழித்து மணலை வாரி இறைத்தது போல் தடிப்பு வரும். பொருக்கு உதிர்ந்த படுக்கை விரிப்பை உதறியது நினைவிருக்கிறதா, நெற்றியிலோ மூக்கின் ஓரத்திலோ பள்ளமாக ஒரு தழும்பு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

நான் அதிகம் நம்பும் சாட்சி இன்னொன்று. உங்களுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து அண்ணனுக்கோ தம்பிக்கோ சித்தி மகளுக்கோ வந்ததா? ஒருவருக்கு வந்தால் எதிர்ப்புச் சக்தி இல்லாத வீட்டாரில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பரவக்கூடிய நோய் இது. உடலில் புகுந்து கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். பெரும்பாலும் 14 முதல் 16. ஆகவே சின்னம்மை நுழைந்த வீட்டுக் கதை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: மூத்தவனுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த கையோடு இளையவளுக்குப் போட்டுவிட்டது, கட்டிய வேப்பிலையைக் கழற்றவே ஒன்றரை மாதம் ஆயிற்று. இந்தக் கதையை உங்கள் அம்மா சொன்னால் அவர் பக்கம் தீர்ப்பு. அவரால் சொல்ல முடியவில்லை என்றால் பெரியம்மா சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. வேரிசெல்லா ஐஜிஜி என்று கேட்க வேண்டும். வேரிசெல்லா என்பது சின்னம்மையின் மருத்துவப் பெயர், ஐஜிஜி என்பது முன்பு வந்து போன நோய் ரத்தத்தில் விட்டுச்சென்ற எதிர்ப்பொருள். ஐஜிஎம் வேண்டாம், அது இப்போது நோய் இருக்கிறதா என்று தேடும் பரிசோதனை. ஐஜிஜி இருக்கிறது என்று வந்தால் உங்களுக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கிறது, ஊசி வேண்டாம். ஆனால் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருப்பவருக்கு ஊசி போட்டால் பணம் வீணாகுமே தவிர உடலுக்குத் தீங்கு இல்லை. குளிர்நாடுகளில் முதலில் பரிசோதியுங்கள் என்று சொல்வதில் பொருள் உண்டு. அங்கே "எனக்கு வந்ததில்லை" என்று சொல்லும் பெரியவர்களில் பெரும்பாலோர் ரத்தத்தில் எதிர்ப்பொருளோடுதான் இருக்கிறார்கள். லேசாக வந்து போனது நினைவில் நிற்கவில்லை, அவ்வளவுதான். நம் பக்கத்தில் "வந்ததில்லை" என்பது உண்மையாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏனென்றால் இந்தக் கிருமி வெப்ப நாடுகளில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. தடுப்பூசி வருவதற்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஏறத்தாழ எல்லோருக்கும் வந்து முடிந்துவிடும். தென்னிந்தியா, இலங்கை போன்ற இடங்களில் நிறையப் பேருக்கு அது இருபது, முப்பது வயதுக்குத் தள்ளிப் போகிறது. வெக்கையும் ஈரப்பதமும் கிருமியின் பரவலை மட்டுப்படுத்துகின்றன என்பது ஒரு விளக்கம். கல்லூரி விடுதிகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரிசையாக அம்மை விழுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கிருந்து பிரிட்டனுக்கு வேலைக்குப் போகும் செவிலியர்களிடம் சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று கேட்பதும் இதனால்தான். வெப்ப நாட்டில் வளர்ந்தவர் என்றால் அவர்களே கூடுதல் எச்சரிக்கையோடுதான் பார்க்கிறார்கள். ஆகவே மேற்கத்திய இணையதளங்களில் "பெரியவர்கள் கவலைப்பட வேண்டாம், உங்களுக்குச் சிறுவயதிலேயே வந்திருக்கும்" என்று படித்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"வந்துவிட்டுப் போனால்தான் என்ன?" என்ற கேள்விக்கு வருகிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு வருவதும் 31 வயதில் வருவதும் பெயரில்தான் ஒன்று. அமெரிக்காவில் ஊசிக்கு முந்தைய காலத்துக் கணக்கு இருக்கிறது: 1 முதல் 14 வயதுவரை சின்னம்மை வந்தவர்களில் ஒரு லட்சத்துக்கு ஏறக்குறைய ஒருவர் இறந்தார், 30 முதல் 49 வயதில் ஒரு லட்சத்துக்கு 25 பேர். இதை வைத்துப் பயமுறுத்தவில்லை. லட்சத்துக்கு 25 என்றால் மற்றவர்கள் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்றுதான் பொருள். ஆனால் பிழைப்பது மட்டும்தானா கணக்கு? பெரியவர்களுக்குக் காய்ச்சல் கூடுதல், கொப்புளங்கள் கூடுதல், தழும்பு கூடுதல், படுக்கையில் கிடக்கும் நாட்களும் கூடுதல். நுரையீரலைத் தாக்கி நிமோனியா ஆவது பெரியவர்களிடமே அதிகம். அவர்களிலும் புகைபிடிப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் அதிகம்.

எனக்கே 24 வயதில் வந்தது, பயிற்சி மருத்துவராக இருந்தபோது. விடுதியில் அறைக்குள் பன்னிரண்டு நாள். தொண்டைக்குள்ளும் கொப்புளம் வந்து தண்ணீர் விழுங்கவே முடியாமல் போனதும், தலைமுடிக்குள் அரிப்பு தாங்காமல் இரவில் கையைத் துண்டால் கட்டிக்கொண்டு படுத்ததும் இன்றும் நினைவிருக்கிறது. அதைவிட நினைவிருப்பது வேறொன்று. கொப்புளம் தெரிவதற்கு ஒன்று இரண்டு நாள் முன்னதாகவே இந்த நோய் மற்றவர்களுக்குத் தொற்றத் தொடங்கிவிடும். அந்த இரண்டு நாளும் நான் பிரசவ வார்டில் பணியில் இருந்தேன். லேசான காய்ச்சல், உடம்புவலி. இரவுப்பணியின் அசதி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அந்த வார்டில் இருந்த ஒவ்வொரு தாயையும் தேடிக் கூப்பிட்டு "உங்களுக்குச் சின்னவயதில் அம்மை வந்ததா?" என்று கேட்கும் வேலை என் சக மருத்துவர்கள் தலையில் விழுந்தது. அந்த முறை யாருக்கும் எதுவும் நேரவில்லை. வேலையில் சேர்ந்தபோது எங்களில் ஒருவரையும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

பிரசவ வார்டு என்றதும் ஏன் அத்தனை பதற்றம் என்றால், இதுதான் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் பகுதி. கர்ப்பத்தின் முதல் இருபது வாரங்களில் தாய்க்குச் சின்னம்மை வந்தால் கருவைப் பாதிக்கக்கூடும். கை கால் வளர்ச்சிக் குறைவு, கண், மூளைப் பாதிப்பு, தோலில் தழும்பு. வாய்ப்பு பெரிதல்ல: 13 முதல் 20 வாரத்துக்குள் வந்தால் சுமார் 2 சதவீதம், அதற்கு முன் அதைவிடக் குறைவு. கடைசி நாட்களில் நிலைமை வேறு. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்புவரை உள்ள இடைவெளியில் தாய்க்குக் கொப்புளம் கிளம்பினால், கிருமி குழந்தைக்குப் போய்விடக்கூடும். அதைத் தடுக்கும் எதிர்ப்பொருள் தாயிடமிருந்து போய்ச் சேர நேரம் இருக்காது. சிகிச்சை இல்லாத நிலையில் அப்படி நோய் தொற்றிய குழந்தைகளில் 30 சதவீதம் வரை இறந்திருக்கிறார்கள். தாயின் நுரையீரலுக்கும் கர்ப்ப காலத்தில் ஆபத்து கூடுதல். கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போட முடியாது. ஆகவே போடுவதற்கான கதவு உங்களுக்கு இப்போதுதான் திறந்திருக்கிறது.

ஊசி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் "ஊசியால் அம்மை வருமா?" என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும். மிச்சியாக்கி தக்கஹாஷி என்ற ஜப்பானிய மருத்துவர் 1960களின் நடுவில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை கடுமையாக வந்தது. இரவெல்லாம் பிள்ளையின் பக்கத்தில் விழித்திருந்த தகப்பன், ஊர் திரும்பியதும் ஒசாகாவில் இந்த வைரஸைப் பிடித்து ஆய்வகத்தில் வேறு வேறு செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் பலத்தைக் குறைத்தார். சின்னம்மை வந்த இன்னொரு ஜப்பானியச் சிறுவனின் கொப்புளத்திலிருந்து எடுத்த கிருமி அது. அந்தக் குடும்பப் பெயரால் ஓக்கா என்று அழைக்கப்படுகிறது. 1974இல் அவர் இதை வெளியிட்டார். அமெரிக்கா 1995இல் அனுமதித்தது. இன்று இந்தியாவில் விற்கும் வேரில்ரிக்ஸ், வேரிவேக்ஸ் இரண்டுமே அந்த ஓக்காவின் வாரிசுகள்தாம்.

ஆக, இது உயிருள்ள, பலம் குறைந்த கிருமி. உடல் அதைப் பார்த்து எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவரிடம் அதனால் முழு அம்மையாக வளர முடியாது. பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்துக்குள் உடலில் நான்கைந்து கொப்புளம் வந்து போகலாம். இரண்டாவது ஊசிக்குப் பின் அது நூறில் ஒருவர். ஊசி போட்ட இடத்தில் வலியும் சிவப்பும் நான்கில் ஒருவருக்கு, இரண்டாம் முறை மூன்றில் ஒருவருக்கு வரும். லேசான காய்ச்சல் சிலருக்கு வரும். கொப்புளம் வந்தால் அது உலரும்வரை கர்ப்பிணிகள், பச்சிளங் குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் பக்கம் போகாமல் இருந்தால் போதும். ஊசிக் கிருமி மற்றவருக்குப் பரவியது உலகம் முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு அரிது.

பெரியவர்களுக்கு இரண்டு ஊசி, நான்கு முதல் எட்டு வார இடைவெளியில், மேல் கையில் தோலுக்கு அடியில். ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு ஊசிக்குப் பின் 78 சதவீதம் பேரிடம்தான் எதிர்ப்பொருள் உருவாகிறது. இரண்டுக்குப் பின் 99 சதவீதம். இரண்டாவதைத் தவறவிட்டு ஆறு மாதம் ஆகிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்தில் தொடரலாம். இரண்டும் போட்ட பிறகும் சிலருக்குச் சின்னம்மை வருவதுண்டு. ஆனால் ஐம்பதுக்கும் குறைவான புள்ளிகளோடு, காய்ச்சல் பெரிதாக இல்லாமல், கொசுக்கடி என்று நினைக்கும் அளவுக்கு வந்து போகும்.

யாருக்குக் கூடாது என்பதை மருத்துவர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. ரத்தப் புற்றுநோய், கீமோதெரபி, உறுப்பு மாற்று சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குக் கூடாது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை நாளுக்கு 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் அளவில் இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தி ஒரு மாதம் பொறுக்க வேண்டும். இழுக்கும் பம்பு மட்டும் என்றால் தடையில்லை. நியோமைசின் மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள், சிகிச்சை எடுக்காத காசநோய் உள்ளவர்கள், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஆகியோரும் முதலில் பேசிவிட்டே போட வேண்டும். வீட்டில் பால் குடிக்கும் குழந்தை இருந்தால் அதனால் தடையில்லை. ஊசிக்குப் பின் ஆறு வாரம் ஆஸ்பிரின் தவிர்க்கச் சொல்வார்கள். இருதயத்துக்காக அதைத் தினமும் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

உங்கள் நாட்காட்டியைப் பார்ப்போம். இரண்டாவது ஊசிக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். சில நிறுவனங்களின் தாளில் மூன்று மாதம் என்றும் இருக்கும். இன்று தொடங்கினால் இரண்டிலிருந்து ஐந்து மாதத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது, அடுத்த ஆண்டு என்ற உங்கள் திட்டத்துக்குள் வசதியாக அடங்கும். தெரியாமல் இடையில் கருத்தரித்துவிட்டால் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1995 முதல் பல ஆண்டுகள் அப்படிப்பட்ட கர்ப்பங்களைப் பதிவு செய்து தொடர்ந்து பார்த்தார்கள். ஊசிக் கிருமியால் சின்னம்மைப் பிறவிக் குறை ஏற்பட்ட ஒரு குழந்தைகூட இல்லை. இன்னொன்று, நீங்கள் கேட்காதது: ரூபெல்லாவுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்றும் இதே கையோடு பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியையும் அதே நாளில் இன்னொரு கையில் போட்டுக்கொள்ளலாம். அதே நாளில் போடாவிட்டால் இரண்டுக்கும் இடையே நான்கு வாரம் விட வேண்டும். கருவுக்கு ரூபெல்லா சின்னம்மையைவிடப் பெரிய எதிரி.

பக்கத்து இருக்கைக்காரர் விஷயம். நோயாளியோடு நெருக்கமாக இருந்து மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ லேசாக்கவோ வாய்ப்பு உண்டு. உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. இருந்தாலும் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு இப்போதே முதல் ஊசியைப் போடலாம். அடுத்த முறைக்காவது பயன்படும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இனி வரும் பத்து நாட்களில் உங்களுக்கு அம்மை வந்தால், அது அந்த மதியச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. உறவினர்கள் ஊசியின் மேல்தான் பழி போடுவார்கள். கடைசியாக அவர் அருகில் இருந்த நாளிலிருந்து 21 நாள் முடியும்வரை வளைகாப்புக்கும் குழந்தை பார்க்கவும் போக வேண்டாம். மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தால் ஊசிக்கு முன் கர்ப்பப் பரிசோதனை. அது உறுதியானால் ஊசியை மறந்துவிட்டு அன்றே மகப்பேறு மருத்துவரிடம் சின்னம்மை வந்தவரோடு எப்போது, எவ்வளவு நெருக்கமாக இருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவரிடம் வேறு வழிகள் உண்டு, அவற்றுக்கு நாள் கணக்கு முக்கியம்.

கொப்புளம் வந்தேவிட்டால், முதல் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அசைக்ளோவிர் போன்ற மருந்து அந்த நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பெரியவர்களுக்கு 800 மில்லிகிராம் நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள் என்பது வழக்கமான அளவு. மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும், ஏனென்றால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். மூச்சு வாங்கினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, தலைவலியோடு மயக்கம் வந்தாலோ வீட்டில் இருக்கக் கூடாது.

மாரியம்மன் இறங்கியிருக்கிறாள், மருந்து சாப்பிட்டால் கோபித்துக்கொள்வாள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். நான் அந்த வழக்கங்களோடு சண்டை போடுகிற ஆள் இல்லை. வாசலில் வேப்பிலை கட்டுவது, வெளியாள் வராமல் பார்ப்பது, தாளிதம் இல்லாத சாப்பாடு, இளநீர், மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை வெளியே விடாமல் வைத்திருப்பது ஆகியவற்றில் பெரும்பகுதி தொற்றுநோயியல் பாடப்புத்தகத்தில் தனிமைப்படுத்தல் என்ற தலைப்பில் இருப்பதுதான். பொருக்கு எல்லாம் காய்ந்துவிட்டால் தொற்றாது என்பதையும் அவர்கள் நமக்கு முன்னாலேயே கவனித்திருக்கிறார்கள். நான் மல்லுக்கு நிற்பது ஒரே இடத்தில்: நாற்பது வயது ஆணுக்கு நான்காம் நாள் மூச்சு இரைக்கும்போது "தண்ணீர் ஊற்றினால் சரியாகும்" என்று காத்திருப்பதில். அசைக்ளோவிர் சாப்பிட்டுவிட்டும் அம்மனுக்குக் கூழ் ஊற்றலாம்.

செலவு ஊசி ஒன்றுக்கு ஏறக்குறைய 2,000 ரூபாயை ஒட்டி வரும்; நிறுவனத்தையும் இடத்தையும் பொறுத்து மாறும். இரண்டுக்குச் சேர்த்து நாலாயிரம் ரூபாய் என்பது சிறிய தொகை இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு வாரச் சம்பளமில்லா விடுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊசியைக் கடையில் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள். குளிர் கெட்டால் அந்தக் கிருமி செத்துவிடும், உங்களுக்குப் போடுவது வெறும் தண்ணீராகிவிடும். குளிர்பெட்டி வைத்து ஊசி போடும் மருத்துவரிடமே, பெரும்பாலும் குழந்தை மருத்துவர்தான், வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. பொடியைக் கரைத்த உடனே போட வேண்டும்.

அக்கியைப் பற்றியும் ஒரு வரி, ஏனென்றால் ஊசி அக்கியை வரவழைக்கும் என்று யாரேனும் சொல்வார்கள். சின்னம்மை வந்து போனபின் கிருமி நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொண்டு, வயதான பிறகு ஒரு பக்கமாகப் பட்டை போட்டாற்போல் எழும்புவதுதான் அக்கி; குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வார்களே, அதேதான். ஊசிக் கிருமியும் அப்படி ஒளியக்கூடும், ஆனால் எழும்புவது நோய் வந்தவர்களைவிடக் குறைவு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அக்கிக்கென்று ஷிங்கிரிக்ஸ் என்ற தனி ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. அது உங்கள் பெற்றோருக்கானது, உங்களுக்கானது அல்ல. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார், சீட்டில் பெயரைச் சரிபாருங்கள்.

போட்டு முடித்ததும் இரண்டு தேதிகளையும் ஊசியின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். வழக்கமான ஆய்வகப் பரிசோதனை ஊசியால் வந்த எதிர்ப்பைப் பல நேரம் காட்டாது, இல்லாத சந்தேகத்தைக் கிளப்பிவிடும். அந்தச் சீட்டுதான் ஆதாரம். அதில் "அம்மை ஊசி" என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். "சின்னம்மை" என்று எழுதச் சொல்லுங்கள். முப்பது வருடம் கழித்து உங்கள் மகள் போன் செய்து கேட்கும்போது, பெரியம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்காது.